தாம்பரத்தில் ஒரு நெட், மதுராந்தகத்தில் ஒரு நெட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த இன்டர்நெட் இணைப்பு நல்லது?" என்பதுதான். சாப்ட்வேர் எஞ்சினியர் என்பதால் இதற்கு ஒரே வரியில் பதில் வைத்திருப்பேன் என்று நினைக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் வீடு எங்கே இருக்கிறது?" என்பது. பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கினாலும் செய்யூரில் வாங்கினாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். இன்டர்நெட் அப்படி இல்லை. அது வீட்டு விலாசத்தைப் பொறுத்தது.

நான் மேற்குத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் குடியிருக்கிறேன். என் சித்தி வீடு மதுராந்தகத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். இரண்டுமே செங்கல்பட்டு மாவட்டம்தான். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். என் தெருவில் மூன்று நிறுவனங்களின் பைபர் கேபிள்கள் ஒரே கம்பத்தில் சிக்குப் பிடித்துத் தொங்குகின்றன. சித்தி ஊரில் மொட்டை மாடியின் தென்கிழக்கு மூலையில் நின்றால் 4ஜி இரண்டு கோடு காட்டும். கீழே கூடத்துக்கு வந்தால் அதுவும் போய்விடும்.

சிங்கப்பூரிலிருந்து கடலுக்கடியில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த கேபிள் 2002-லேயே சென்னையில் கரையேறிவிட்டது. பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் இதே மாவட்டத்தின் சிறுசேரியில் நிற்கின்றன. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து சித்தி வீடு வரையுள்ள கடைசி ஆறு கிலோமீட்டரை மட்டும் எந்தக் கேபிளும் தாண்டவில்லை. இது ஏன்? இதனால் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு என்ன ஆகிறது? இவற்றைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

டயல் அப் நாட்கள்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வி.எஸ்.என்.எல். நிறுவனம் மும்பை, டில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் தொடங்கியது. அப்போது நான் பிறக்கவே இல்லை. என் மாமா ஒருவர் சொல்லித்தான் தெரியும். போன் லைனில் மோடத்தை மாட்டி டயல் செய்ய வேண்டும். "கீ... கர்ர்" என்று சத்தம் வரும். இணைப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். சென்னையில் இருந்தவருக்கு அது லோக்கல் கால். வெளியூரில் இருந்தவர் சென்னையில் உள்ள நோடுக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். இன்டர்நெட் கட்டணம் தனி, போன் பில் தனி. ஆக, கிராமத்துக்காரர் அதே ஒரு பக்கத்தைப் பார்க்க நகரத்துக்காரரைவிடப் பல மடங்கு கொடுத்தார். நகரம், கிராமம் என்ற இடைவெளி முதல் நாளிலேயே பில்லில் அச்சாகி வந்துவிட்டது என்று சொல்லலாம்.

1998-ல் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அதன்பின் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. தாம்பரம் ஸ்டேஷனின் இரண்டு பக்கமும் மாடிப்படிகளில் "இன்டர்நெட், ஜெராக்ஸ், எஸ்.டி.டி." என்று போர்டுகள் இருந்த காலம் அது. 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டு, 256 கிலோ பிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. இந்த வரையறை 2013-ல் 512 கிலோ பிட் ஆனது. 2023-ல் 2 மெகா பிட் ஆனது.

பிராட்பேண்ட் வந்ததும் கிராமத்திற்குப் புதிதாக ஒரு தடை வந்தது. அதுதான் தூரம். பழைய டெலிபோன் செம்புக் கம்பியிலேயே வேகமாக டேட்டா அனுப்பும் தொழில்நுட்பத்திற்கு ஏ.டி.எஸ்.எல். என்று பெயர். இதில் அதிக அதிர்வெண் உள்ள சிக்னல்கள் கம்பியில் போகப் போகத் தேய்ந்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டரில் உள்ள வீட்டில் நன்றாக வரும். நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் இணைப்பு விட்டு விட்டு வரும், இல்லையெனில் வரவே வராது. தாம்பரத்தில் எக்ஸ்சேஞ்ச் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கிராமத்தில் அது அடுத்த ஊரில் இருந்தது. போனில் பேச்சு தெளிவாகக் கேட்ட அதே லைனில் நெட் வராததற்கு இதுதான் காரணம். பலர் அன்று மோடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

தரமணியில் போட்ட திட்டங்கள்

நம் தென்சென்னைப் பகுதியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிராமத்திற்கு இன்டர்நெட்டை எப்படிக் கொண்டு போவது என்று இந்தியாவில் மிகவும் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் இரண்டு குழுக்கள் இங்குதான் இருந்தன. ஒன்று ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு. மற்றது பக்கத்திலேயே தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 2000-ல் டைடல் பார்க் திறக்கப்பட்டு எல்லாருடைய கண்ணும் அதன் மேல் இருந்தபோது, இந்த இரண்டு இடங்களிலும் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஐ.ஐ.டி. குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையை உருவாக்கியது. ஒரு கோபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குப் போனும் இன்டர்நெட்டும் சேர்த்துக் கொடுக்கலாம். இடையில் ரிலே வைத்தால் 25 கிலோமீட்டர் வரை போகலாம். வேகம் 35 அல்லது 70 கிலோ பிட்தான். இன்று சிரிப்பு வரும். ஆனால் டயல் அப் கூட எட்டாத ஊர்களுக்கு அது பெரிய விஷயம். இந்த முறையை வைத்து 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் கிராமக் கியோஸ்க்குகள் தொடங்கப்பட்டன. உள்ளூர் ஆட்களே நடத்தினார்கள். தாலுகா ஆபீசுக்கு விண்ணப்பம் அனுப்புவது, கண் மருத்துவமனைக்குப் படம் அனுப்பி ஆலோசனை கேட்பது, பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு என்று நன்றாகவே ஆரம்பித்தது. சில வருடங்களில் பெரும்பாலான கியோஸ்க்குகள் மூடப்பட்டன. வருமானம் செலவுக்குக் கட்டவில்லை. பழுது பார்க்க ஆள் வர நாளானது. ஆர்வமாக ஒத்துழைத்த அதிகாரிகள் மாறிப் போனதும் அரசு சேவைகளும் தேய்ந்தன. தொழில்நுட்பம் தோற்கவில்லை என்பதே என் கருத்து. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய மற்றவை வரவில்லை.

சுவாமிநாதன் நிறுவனம் 1998-ல் புதுச்சேரி அருகே வில்லியனூரை மையமாக வைத்து கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்தது இதில் வீராம்பட்டினம் மீனவ கிராமத்தில் செய்த வேலை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை டவுன்லோட் செய்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் படித்தார்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே இல்லை. ஆனால் இன்டர்நெட் அவர் காதுக்கு வந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நல்லவாடு கிராமத்திற்கு சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். உடனே அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள். எத்தனை மெகா பிட் என்று மட்டும் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நானும் கிராமவாசிதான்

இன்றைக்கு வருவோம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்க்கப்பட்டன. முடிச்சூர் சேரவில்லை, ஊராட்சியாகவே நின்றது. ஆக, மாநகராட்சி பிறந்த அன்று அரசாங்க ஏட்டின்படி முடிச்சூர்க்காரர்களும் சித்தியைப் போலவே ஊராட்சிவாசிகள்தான்! ஆனால் எங்களுக்கு 100 மெகா பிட் பைபர் வந்தது. போர்டில் ஊராட்சி என்று எழுதியிருக்கிறதா, மாநகராட்சி என்று எழுதியிருக்கிறதா என்று கேபிள்காரர் பார்ப்பதில்லை. ஒரு கிலோமீட்டர் கேபிள் இழுத்தால் எத்தனை வீடு கிடைக்கும் என்றுதான் பார்க்கிறார். எங்கள் தெருவில் ஒரு அபார்ட்மென்டிலேயே நாற்பது கனெக்ஷன். சித்தி ஊரில் கிலோமீட்டர் கணக்கில் வயலைத் தாண்டினால்தான் அடுத்த தெரு.

தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் நகர வீடுகளில் 42 சதவீதத்தில் இன்டர்நெட் வசதி இருந்தது. கிராம வீடுகளில் 14.9 சதவீதம். கம்ப்யூட்டர் நகரத்தில் 23.4, கிராமத்தில் 4.4. இதே ஆய்வில் தமிழகத்தின் கிராம வீடுகளில் கம்ப்யூட்டர் 11.6 சதவீதம், நாட்டின் கிராமச் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்திற்கு இதில் முக்கியப் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2016-ல் ஜியோ வந்தபின் மொபைல் டேட்டா விலை விழுந்தது. இன்று கிராமத்திலும் நெட் இல்லாதவர் குறைவு. ஆனால் அது பெரும்பாலும் போனில் உள்ள நெட். அந்தப் போனும் அப்பாவின் சட்டைப் பையில் வயலுக்குப் போய்விடும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில், ஒரு முறையாவது இன்டர்நெட் பயன்படுத்திய பெண்கள் நகரத்தில் 51.8 சதவீதம், கிராமத்தில் 24.6 சதவீதம்தான்.

எண்பத்து நான்கு சாய்ஸ்

வேகம் குறைவு என்றால் படம் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். 2023-ல் சித்தி மகளின் எஞ்சினியரிங் கவுன்சலிங் நடந்தபோது அது அவ்வளவுதான் இல்லை என்று நன்றாகத் தெரிந்தது.

முன்பெல்லாம் தமிழகத்தின் எந்த மூலையிலிருந்தும் மாணவர்கள் அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு கிண்டிக்கு, அண்ணா பல்கலைக்கழகத்திற்கு நேரில் வர வேண்டும். 2018-ல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறியது. ராத்திரி பஸ் செலவும் லாட்ஜ் செலவும் மிச்சம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல மாற்றம் என்றே நான் சொல்வேன். ஆனால் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள். உங்கள் ரவுண்டுக்கு ஒதுக்கிய நாட்களுக்குள் விருப்ப வரிசையைப் பதிவு செய்து முடிக்க வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்திற்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் சீட் போய்விடும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனும் அதே ரவுண்டு. ஒரு டேபில் கவுன்சலிங் பக்கம், இன்னொன்றில் போன வருட கட்-ஆப், மூன்றாவதில் கல்லூரியைப் பற்றி யாரோ சீனியர் பேசும் வீடியோ. அப்பா ஒரு பக்கம், டியூஷன் சார் ஒரு பக்கம். ஒரு சாயங்காலத்தில் இருநூறு சாய்ஸ் போட்டு முடித்துவிட்டான். சித்தி மகள் மொட்டை மாடி மூலையில் போனில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறேழு சாய்ஸ் போடுவதற்குள் சிக்னல் போகும். திரும்ப லாகின். மழை வேறு. "அண்ணா, தெரிஞ்ச காலேஜ் பேரை மட்டும் போட்டு முடிச்சிடட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த காலேஜ் என்றால், பஸ் பின்னால் விளம்பரம் பார்த்த காலேஜ்கள். கட்-ஆப் 178 வைத்திருந்த பெண் அவள். அதற்கு எவ்வளவோ நல்ல இடங்கள் கிடைக்கும்.

இங்கேதான் வித்தியாசம் எனக்குச் சரியாகப் பிடிபட்டது. நல்ல இணைப்பு உள்ளவர் தேடிப் பார்க்கிறார், ஒப்பிடுகிறார், மனதை மாற்றிக்கொள்கிறார். இணைப்பு விட்டு விட்டு வருபவர் எப்படியாவது வேலையை முடித்தால் போதும் என்று ஆகிவிடுகிறார்.

நாங்கள் செய்தது இதுதான். கட்-ஆப் பட்டியல்களை நான் முடிச்சூரில் டவுன்லோட் செய்தேன். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, அவள் மதிப்பெண்ணுக்கு அருகில் உள்ளவற்றை மட்டும் வடிகட்டினேன். அந்த பைல் 40 கே.பி. கூட இல்லை. வாட்ஸ்அப்பில் நொடியில் போய்விட்டது. அவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் பரணில் இருந்தது. அதில் திறந்து, சித்தப்பாவோடு உட்கார்ந்து, நெட் இல்லாமலேயே இரவு முழுக்க வரிசையை மாற்றி மாற்றி அமைத்தாள். விடுதிச் செலவு, பஸ் வசதி எல்லாம் அப்போது பேசினார்கள். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, டவரில் கூட்டம் இல்லாத நேரத்தில், போனை மாடியில் வைத்து லேப்டாப்பை இணைத்து, எண்பத்து நான்கு சாய்ஸையும் வரிசையாகப் பதிவு செய்து முடித்தாள். கிடைத்தது அரசு எஞ்சினியரிங் கல்லூரியில் இ.சி.இ. அவள் பட்டியலில் மூன்றாவது.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

முதலில் வேகக் கணக்கு. நெட் கம்பெனிகள் சொல்லும் எம்.பி.பி.எஸ். டாக்டர் பட்டம் இல்லை. ஒரு நொடிக்கு எத்தனை மெகா பிட் என்பது. நம் பைல்களின் அளவு பைட்டில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 5 ஜி.பி. பைலை 100 மெகா பிட் இணைப்பில் இறக்க ஏழு நிமிடம் போதும். 2 மெகா பிட்டில் ஐந்தரை மணி நேரம் ஆகும். 2005-ன் 256 கிலோ பிட்டில் கிட்டத்தட்ட இரண்டு நாள்.

போன் நெட்டில் கம்ப்யூட்டரை இணைப்பவர்கள் கட்டாயம் ஒன்றைச் செய்திடவும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவில் வை-பை, அதில் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் கிளிக் செய்திடவும். அங்கே 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை ஆன் செய்திடவும். இதைச் செய்யாவிட்டால், விண்டோஸ் தன் அப்டேட்களைச் சத்தமில்லாமல் இறக்கி அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும். அப்டேட் வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. நகரத்திற்கு வரும்போது உறவினர் வீட்டு வை-பையில் போட்டுக்கொள்ளலாம். நான் சித்தி வீட்டு லேப்டாப்பைத் தீபாவளி, பொங்கலுக்கு இப்படித்தான் அப்டேட் செய்கிறேன்.

ஹாட்ஸ்பாட்டைவிட யு.எஸ்.பி. டெதரிங் உறுதியானது. போனும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். போனுக்கு மாடியில்தான் சிக்னல், கம்ப்யூட்டர் கீழே என்றால் மட்டும் ஹாட்ஸ்பாட். ஸ்பீட் டெஸ்ட் அடிக்கடி போட்டுப் பார்க்க வேண்டாம். அதுவே டேட்டாவைச் செலவழிக்கும். சான்றிதழ்களை 600 டி.பி.ஐ. கலரில் ஸ்கேன் செய்து அப்லோட் செய்ய முயன்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 150 முதல் 200 டி.பி.ஐ. தாராளம். தமிழில் டைப் செய்ய இணையதளத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளன. ஒருமுறை லாங்வேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்துவிட்டால் நெட் இல்லாமலே வேலை செய்யும். லிப்ரே ஆபிஸை ஒரே ஒரு முறை டவுன்லோட் செய்து பென் டிரைவில் வைத்துக்கொண்டால், ஊரில் பத்துப் பேருக்கு இன்ஸ்டால் செய்து தரலாம். இலவசம்தான், தவறில்லை.

பைபர் வரும்போது

2011-ல் ஒப்புதல் பெற்று, 2015 முதல் பாரத்நெட் என்ற பெயரில் நடக்கும் மத்திய அரசுத் திட்டம், நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குப் பைபர் கொண்டு செல்வதற்கானது. தமிழகத்தில் டான்பிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கான வேலையை எடுத்துக்கொண்டது. கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் மீதே செல்கிறது. தோண்டும் செலவு இல்லை. ஊராட்சியை எட்டிய பைபரை அங்கிருந்து வீட்டுக்கு இழுப்பது தனி வேலை. உங்கள் ஊருக்கு யார் இழுத்துத் தருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து நான்கைந்து வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கேபிள்காரரின் கணக்கு என்ன என்றுதான் மேலே பார்த்தோமே.

முன்பணம் கட்டும் முன் அப்லோட் வேகம் எவ்வளவு, எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள், கேபிள் அறுந்தால் எத்தனை நாளில் வருவார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். பைபருக்குக் கரண்ட் வேண்டாம், ஆனால் வீட்டில் வைக்கும் பெட்டிக்கு வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் உங்கள் அடாப்டரின் மேல் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகவும். 9 வோல்ட் பெட்டிகளும் உண்டு.